வழக்கு உள்ளவரின் வயலுக்கும் தண்டனையா?

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் மானாவாரி நிலக்கடலைத் திடலைப் பார்வையிடப் போயிருந்தேன். விதைத்து 75 நாள் ஆன பயிர். காய் திரளும் பருவம். திடலை ஒட்டிய வயலில் முந்தைய இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கியிருந்தது. சுமார் 30 சென்ட் நிலம் கலப்பை ஓட்டியதுபோலக் கிளறிக் கிடந்தது. செடிகள் வேரோடு சாய்ந்திருந்தன. பால் பிடித்த காய்கள் பாதி கடிபட்டு மண்ணில் சிதறிக் கிடந்தன.

வயலுக்குச் சொந்தக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். “ராத்திரியில ஒரு வெத்து வெடி போட்டிருந்தா ஓடியிருக்குமே, ஐயா?” என்று கேட்டேன்.

“துப்பாக்கி ஸ்டேஷன்ல கெடக்குது சார். எட்டு வருசமாச்சு. கேஸ் வாங்குனவனுக்கு ஆயுசுக்கும் துப்பாக்கி கெடையாதுன்னு சொல்லிட்டாங்க” என்றார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் வரப்போரம் சுருக்குக்கம்பி வைத்திருக்கிறார். அதில் ஒரு பன்றி மாட்டிச் செத்தது. வனத்துறை வழக்குப் பதிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், நீதிமன்றம் அபராதம் விதித்தது, கட்டினார். அடுத்து உரிமம் புதுப்பிக்க மனுக் கொடுத்தபோது பதிலே வரவில்லை. உரிமக் காலம் முடிந்ததால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அதோடு விட்டுவிட்டார்.

பேச்சின் முடிவில் அவர் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. “பக்கத்துத் தோட்டத்துக்காரர் கம்பி இழுத்து கரண்ட் குடுக்கச் சொல்றாரு. ஒரு கேஸ்தான் ஏற்கெனவே இருக்குதே, இன்னொண்ணு வந்தா என்ன ஆகிடப் போவுதுன்னு தோணுது சார்.”

ஒருமுறை தவறு செய்தவருக்குத் திரும்பி வரும் வழி அடைபட்டுவிட்டது என்று தோன்றினால், அவர் இரண்டாவது முறை இன்னும் பெரிய தவறைச் செய்யத் தயாராகிறார். நான் சட்டம் படித்தவன் அல்லன், பயிர் படித்தவன். ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாததாலேயே பயிரும் போகிறது, உயிரும் போகிறது. அதனால் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அவரிடம் யாரோ சொன்ன ‘ஆயுசுக்கும் கிடையாது’ என்பது சட்டத்தில் எங்கும் இல்லை.

இரண்டு பூட்டு, இரண்டு சாவி

முதலில் நம் விவசாயிகள் பலரிடம் உள்ள ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். துப்பாக்கி உரிமம் வேறு; விலங்கைச் சுடும் அனுமதி வேறு. முன்னது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மாவட்ட நிர்வாகம் தருவது. பின்னது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை தருவது. ஒன்று கையில் இருப்பதால் மற்றொன்றும் இருப்பதாக ஆகிவிடாது.

ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் ஒருவருக்கு, குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உள்வரி இல்லாத வேறு வகைத் துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம். சொத்து போதுமான அளவு இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மனுவை மறுக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரரும் கேட்கலாம்.

வன உயிரினச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குப் பொருள் மிக விரிவானது. சுடுவது மட்டும் வேட்டை அல்ல. விஷம் வைப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்கு ஆபத்து விளைவிக்கும் இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்து மூலம், காரணம் குறிப்பிட்டு, அனுமதி தரலாம் என்கிறது 11-ஆவது பிரிவு. அந்தத் தாள் கையில் இல்லாமல் சுட்டால், துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் அது குற்றமே. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் மட்டும் விலக்கு உண்டு. பயிரைக் காக்கக் கொன்றதற்கு அந்த விலக்குப் பொருந்தாது.

அப்படியானால் பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கியால் என்ன பயன்? நம் ஊர்களில் அதன் முதல் வேலை சத்தம். ரவை போடாமல் மருந்தை மட்டும் இடித்து இரவில் இரண்டு வெடி போட்டால், அன்றைக்குக் கூட்டம் திரும்பிப் போகும். காவலுக்கு இருப்பவருக்கும் ஒரு தைரியம்.

தண்டனை பெற்றவருக்கு எத்தனை ஆண்டு தடை?

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். தண்டனை பெற்றவருக்கு ஆயுதத் தடை பற்றி இரண்டு இடங்களில் சட்டம் பேசுகிறது.

ஒன்று, ஆயுதச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவர், அந்தத் தண்டனைக் காலம் முடிந்ததிலிருந்து 5 ஆண்டுகள் வரை துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. தண்டனை எத்தனை நாள் என்பது கணக்கில்லை. ஒரு மாதச் சிறையானாலும் தடை உண்டு. ஆனால் வெறும் அபராதம் கட்டியவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. 5 ஆண்டு கழிந்த பிறகும் பொருந்தாது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் கோயில் திருவிழாத் தகராறு, வரப்புத் தகராறு என்றால் இரு தரப்பினர் மீதும் ‘107 போட்டுவிட்டார்கள்’ என்பார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 126-ஆவது பிரிவு. அமைதி காப்பேன் என்று பிணைமுறி எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டவருக்கு, அந்தப் பிணைமுறி நடப்பில் இருக்கும் காலம் வரை மட்டும் தடை. அது முடிந்ததும் தடையும் முடிந்தது.

மற்றொன்று, வன உயிரினச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு. துப்பாக்கியைக் கொண்டு அச்சட்டத்துக்கு எதிரான குற்றம் செய்து தண்டனை பெற்றால், நீதிமன்றம் அந்தத் துப்பாக்கியின் உரிமத்தை ரத்து செய்யலாம். தண்டனை நாளிலிருந்து 5 ஆண்டுகள் புதிய உரிமம் பெறத் தகுதியில்லை என்றும் உத்தரவிடலாம். இங்கே ‘உத்தரவிடலாம்’ என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றம் அவ்வாறு உத்தரவிட்டால்தான் தடை.

ஆக, நம் பெரியவருக்கு எந்தத் தடை? அவர் பயன்படுத்தியது சுருக்குக்கம்பி, துப்பாக்கி அல்ல. பெற்றது அபராதம், சிறை அல்ல. இரண்டு பிரிவுகளுமே அவரைத் தொடவில்லை. மிஞ்சியிருப்பது 14-ஆவது பிரிவு. ‘தகுதியற்றவர்’ என்றோ, பொது அமைதிக்காக என்றோ உரிம அதிகாரி மறுக்க அது இடம் தருகிறது. அப்படி மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மனுதாரர் கேட்டால், பொது நலனுக்கு எதிராக இல்லாதவரை, அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். அதன் மீது மேல்முறையீடும் செய்யலாம். அவருக்குக் காரணமும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. வாய்ச்சொல் ஒன்றே எட்டு ஆண்டுத் தடையாகிவிட்டது.

இவர் ஒருவர் கதை மட்டுமல்ல இது. முதல் தகவல் அறிக்கை பதிவானதையே தண்டனையாகவும், விடுதலையானதையும் ‘வழக்கு இருந்தது’ என்றும் எடுத்துக்கொள்வதைப் பல ஊர்களில் விவசாயிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வழக்கு நிலுவையில் உள்ளது என்பது மட்டுமே உரிமத்தை மறுக்கப் போதாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

தடை தேவைதான்

இப்படிச் சொல்வதால், எல்லோர் கையிலும் துப்பாக்கி கொடுத்துவிட வேண்டும் என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். சில விவசாயக் கூட்டங்களில் அப்படிக் கோரிக்கை எழுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

துப்பாக்கி பன்றிக்காக வாங்கப்பட்டாலும், வீட்டுச் சுவரில் தொங்கும்போது வீட்டுச் சண்டைக்கும் வரப்புச் சண்டைக்கும் அது பக்கத்திலேயே இருக்கிறது. கோபத்தில் ஒருவரை வெட்டிச் சிறை சென்று வந்தவரிடம், வெளியே வந்த மறுமாதமே அதைக் கொடுக்க முடியாது. 5 ஆண்டு பொறுங்கள் என்று சட்டம் சொல்வது நியாயம்.

வயல்வெளியில் மின்சாரம் பாய்ச்சுபவர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்பது என் கருத்து. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காகப் போட்ட மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. யானை முதல் அட்டவணை விலங்கு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு சிறை. யானை மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர், ஆடு மேய்த்த சிறுவன், சில நேரம் கம்பி இழுத்தவரே அதில் விழுகிறார்கள். அவுட்டுக்காயும் அப்படித்தான். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டில் வெடி வைத்த பழத்தைக் கடித்துச் சினை யானை ஒன்று இறந்தது நினைவிருக்கும். பன்றிக்கு வைத்தேன் என்று சொல்லி இவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்க முடியாது.

எனவே கேள்வி தடை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. யாருக்கு, எதற்காக, எத்தனை காலம் என்பதே. சட்டம் அதை அளந்துதான் வைத்திருக்கிறது. நடைமுறையில்தான் அந்த அளவு காணாமல் போகிறது.

அமெரிக்காவை இங்கே ஒப்பிடலாம். அங்கே 1968-இன் மத்தியச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு, உரிமை மீட்டுத் தரப்பட்டால் அல்லாமல், துப்பாக்கித் தடை வாழ்நாள் முழுவதும். ஆனால் பழங்கால முறையில் கரிமருந்து இடித்துச் சுடும் துப்பாக்கியை அந்த மத்தியச் சட்டம் துப்பாக்கியாகவே எண்ணுவதில்லை. அதனால் தண்டனை பெற்றவர் அதையோ வில் அம்பையோ கொண்டு வேட்டைக்குப் போகப் பல மாநிலங்கள் விடுகின்றன, சில விடுவதில்லை. நம் நாட்டில் நேர்மாறு: கரிமருந்துத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், ஆனால் தடைக்கு எல்லை உண்டு. தண்டனை முடிந்தவர் ஒருநாள் திரும்பி வர வேண்டும் என்று எண்ணித்தான் நம் சட்டத்தை எழுதியவர்கள் 5 ஆண்டு என்று எல்லை போட்டார்கள். அந்த எல்லையை அலுவலகங்களும் மதிக்க வேண்டும்.

மனிதருக்குத் தடை, வயலுக்கு அல்ல

என் முக்கியமான வாதம் இதுதான். தடை விதிக்கப்பட்டவர் மனிதர். அவருடைய வயல் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அதில் விளைவதை நம்பி மனைவியும் பிள்ளைகளும் கூலியாட்களும் இருக்கிறார்கள். உன் கையில் துப்பாக்கி கூடாது என்று அரசு சொல்லும்போது, உன் வயலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். முதல் பாதி மட்டும் நடக்கிறது.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்காக ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். ஊர் அளவில் வனத்துறை, கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் கொண்ட குழு இதைப் பார்க்கும். இந்த ஏற்பாட்டில் விவசாயி துப்பாக்கி எடுக்க வேண்டியதே இல்லை. ஆகவே அவர்மீது வழக்கு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனாலும், ‘நாமே போய் அவர்கள் கண்ணில் பட வேண்டுமா’ என்று வழக்கு வாங்கியவர்கள் மனுக் கொடுக்கத் தயங்குகிறார்கள். ஆயுதத் தடை உள்ளவர்களின் வயல்களைக் குழு தானாகவே முதலில் பட்டியலில் சேர்க்க வேண்டும். மின்கம்பிக்கும் அவுட்டுக்காய்க்கும் போகும் ஆபத்து அதிகமுள்ள வயல்கள் அவைதான்.

கேரளம் வேறு வழியில் போகிறது. 2022 மே மாதம் முதல், பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை அங்குள்ள உள்ளாட்சித் தலைவர்களுக்கு அரசு கொடுத்தது. உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு அவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. அங்கும் தடை உள்ளவர் தன் வயலுக்குப் பட்டியலில் உள்ள வேறொருவரை வரவழைக்கலாம். சுடுபவர் வேறு, பயன்பெறும் வயல் வேறு என்று பிரித்ததுதான் அதில் நாம் கற்க வேண்டியது.

இழப்பீட்டிலும் இதே பார்வை வேண்டும். வன விலங்குகளால் ஏற்படும் பயிர்ச்சேதத்தை 2026 காரிஃப் பருவம் முதல் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் படத்துடன் தெரிவிக்க வேண்டும். பழைய வழக்கு எதுவும் இதற்குத் தடையல்ல. வழக்கு உள்ளவர்கள் இதையும் கேட்கத் தயங்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

தடை உள்ளவர்கள் சில குறுக்கு வழிகளை நாடுகிறார்கள். அவை ஒவ்வொன்றும் முதல் வழக்கைவிடப் பெரிய வழக்கில் கொண்டுபோய் விடும்.

உரிமக் காலம் முடிந்த துப்பாக்கியை ‘சும்மாதானே இருக்கிறது’ என்று பரணில் போட்டு வைப்பது குற்றம். அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ஊர்ப் பட்டறையில் நாட்டுத் துப்பாக்கி செய்து கொடுப்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரையும் போகலாம்.

மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ உரிமம் வாங்கி, தடை உள்ளவரே பயன்படுத்துவதும் கூடாது. அவர்கள் தங்கள் தேவைக்கு மனுச் செய்யலாம். ஆனால் தடை உள்ளவர் கையில் கொடுத்தால், கொடுத்தவரும் சேர்ந்து மாட்டுவார்.

பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் ‘கார்பைடு துப்பாக்கி’யைச் சிலர் உரிமம் வேண்டாத மாற்று என்று நம்புகிறார்கள். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் அதனால் குழந்தைகள் பலருக்குக் கண்ணில் காயம் ஏற்பட்டது. வயலில் வைத்திருந்தாலும் பிள்ளைகள் எடுத்து விளையாடத்தான் செய்வார்கள்.

துப்பாக்கி இல்லாமலும் காவல் உண்டு

பயிர் விஞ்ஞானியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். துப்பாக்கி இருந்த காலத்திலும் பன்றி குறையவில்லை. காட்டுப்பன்றியின் சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஈட்டுக்கு 4 முதல் 6 குட்டிகள். தீனி தாராளமாகக் கிடைத்தால் பெருக்கமும் அதிகம். தீனி கிடைக்கும் வழியை அடைப்பதுதான் நிலைத்த தீர்வு.

நிலக்கடலையைச் சுற்றி முள் நிறைந்த குசும்பாவையும், மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கையும் நெருக்கமாக எல்லைப் பயிராக விதைப்பது தெலங்கானா வேளாண் பல்கலைக்கழக ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது. வரப்போரம் உள்ள சீமைக்கருவேல், உண்ணிச்செடிப் புதர்களை அகற்றினால் பன்றி பகலில் பதுங்க இடமிருக்காது. சூரிய மின்வேலி போடுவதானால், நொடிக்கொரு துடிப்பாக அதிர்ச்சி தரும் தரச்சான்று பெற்ற கருவியைத்தான் பொருத்த வேண்டும். தமிழகத்தில் 2023 முதல் மின்வேலிகளுக்கு விதிகள் உள்ளன. பதிவும், காட்டை ஒட்டிய இடங்களில் முன் அனுமதியும் வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ கொக்கி போட்டு இழுப்பது வேலி அல்ல, கொலைக்கருவி.

இவை எதுவும் தனி வயலில் முழுப் பலன் தராது. ஒருவர் வேலி போட்டால் பன்றி அடுத்தவர் வயலுக்குப் போகும். பத்து, பதினைந்து வயல்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் விதைத்து, ஒரே எல்லையைக் காத்து, முறை வைத்து இரவுக் காவல் இருந்தால்தான் பலன் உண்டு. அந்தக் காவல் முறையில் வழக்கு உள்ளவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒதுக்கினால் அவர் தனியாக யோசிப்பார். அந்த யோசனை பெரும்பாலும் மின்கம்பியில்தான் முடியும்.

யார் என்ன செய்யலாம்?

உரிம மனுவின் மீதான காவல் நிலைய அறிக்கையில் ‘வழக்கு உள்ளது’ என்ற இரண்டு சொல் போதாது. எந்தப் பிரிவு, என்ன முடிவு, எந்தத் தேதி, தண்டனை சிறையா அபராதமா, 5 ஆண்டு எப்போது முடிந்தது அல்லது முடிகிறது என்று குறிக்க வேண்டும். மறுத்தால் காரணத்துடன் எழுத்தில் மறுக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடியும் வேலை இது.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். குற்றப் பின்னணி, பிணையில் இருப்பது போன்றவற்றை ஆளுக்கு ஆள் பரிசீலித்து முடிவு செய்யத்தான் குழு இருக்கிறது. எந்த வழக்கும் இல்லாத விவசாயியின் துப்பாக்கியையும் அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி வைப்பது முறையல்ல.

முதல் தவறாகத் தன் வயலில் சுருக்கு வைத்தவருக்கும், விற்பனைக்காக வேட்டையாடுபவருக்கும் வேறுபாடு உண்டு. சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு வெளியே நடந்த வேட்டைக் குற்றத்தில் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. அப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பும் இல்லை. சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞரிடம் இதைக் கேளுங்கள். அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று அவசரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்.

உதவி வேளாண் அலுவலர்களுக்கும் வனக்களப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதைப்புக்கு முன்பே ஊர்க்கூட்டம் போடுங்கள். சேதம் நடந்தால் எந்தத் தேதி, எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு என்று பதிந்து, படம் எடுத்து வையுங்கள். இழப்பீடு, வனத்துறைக் குழு, உரிமம் மூன்றுக்கும் அதுவே ஆதாரம். வன உயிரினச் சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் வசிப்பவர், உரிமம் உள்ள துப்பாக்கியானாலும் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். அங்கு புதிய உரிமத்துக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதலும் வேண்டும். இதைச் சொல்லாமல் விண்ணப்பம் மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் பல மாதம் வீணாக அலைவார்.

அந்தப் பெரியவரிடம் திரும்பப் போனேன். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கச் சொன்னேன். அபராத ரசீதைப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். இரண்டையும் இணைத்து உரிமத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தருமாறு அதிலேயே கேட்டிருக்கிறார். அவருடைய நிலம் காப்புக்காட்டிலிருந்து 2 கி.மீ. தூரத்தில் இருப்பதால், பன்றிகளைப் பிடித்துக் காட்டில் விட ஊர்க் குழுவுக்கும் ஒரு மனு போயிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடுத்த கம்பிச் சுருளை அவர் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மனுவுக்கும் இன்னும் பதில் வரவில்லை. வரும் ஆடியில் அவர் மறுபடியும் கடலை விதைப்பார். அதற்குள் வந்தால் நல்லது.